முகம் திருத்தியவர்கள் – 14: கம்பியும் உளியும்

சென்ற வாரம் சிட்கப் மருத்துவமனையோடு நிறுத்தியிருந்தோம். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு ஹரால்டு கில்லீஸ் முகத்தை மீட்டுக் கொடுத்த கதை அது. இந்த வாரத்து மனிதர்கள் போர்முனையைப் பார்க்காதவர்கள். வளரும் வயதில் ஒரு தாடை அளவுக்கு மீறி வளர்ந்தது, அல்லது இன்னொன்று வளராமல் நின்றுபோனது. அவர்களுக்கு நேர்ந்தது அவ்வளவுதான். கீழ்த்தாடை நீண்டு, கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசையைத் தாண்டி வெளியே நிற்கும். அல்லது மோவாயே இல்லாததுபோல் கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும். சிலருக்கு வாயை இறுக மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. ஒரு தோசைத் துண்டைக்கூட முன்பல்லால் கடித்தெடுக்க முடியாது. பேச்சில் சில எழுத்துகள் குழறும். போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள்.

இவர்களைக் குணப்படுத்த இரண்டு வித்தைகள் வேண்டியிருந்தன. பல்லைக் கம்பி கட்டி மெல்ல நகர்த்துவது ஒன்று. எலும்பை அறுத்து இடம் மாற்றுவது மற்றொன்று. இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்து உட்கார நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கத்தியும் ரம்பமும் கிடைக்காததால் வந்த தாமதம் மட்டுமல்ல இது. பல்காரரும் எலும்புக்காரரும் ஒருவரையொருவர் தேடிப் போகாததால் வந்த தாமதமும்கூட என்பது என் கருத்து. ஏனென்றால் தொடக்கத்திலேயே, அமெரிக்காவின் ஒரு நகரத்தில், அந்த இருவரும் ஒரு நோயாளிக்காகச் சந்தித்திருந்தார்கள்.

அதற்கு முன் ஓஹியோ நதிக்கரைக்குப் போக வேண்டும்.

வெள்ளித் தகடு

இன்றைக்கு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் வீலிங் நகரம் 1849-இல் வர்ஜீனியாவைச் சேர்ந்திருந்தது. அங்கே சைமன் ஹல்லிஹன் என்ற மருத்துவர் வாய், முகம் தொடர்பான அறுவைசிகிச்சைகளில் பேர் எடுத்திருந்தார். பல் மருத்துவமும் அறுவை மருத்துவமும் தெரிந்தவர். அவரிடம் 20 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஐந்து வயதில் தீக்காயம் பட்டு, கழுத்தும் மார்பும் வெந்துபோனவள். காயம் ஆறியபோது தழும்பு சுருங்கியது. சுருங்கிய தோல் கீழுதட்டையும் தாடையையும் வளர்ந்த காலமெல்லாம் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. பதினைந்து வருட இழுவையில் கீழ்த்தாடையின் முன்பகுதி நீண்டு வெளியே சாய்ந்துவிட்டது. உதடு மூடாது. எச்சில் வாயில் நிற்காது.

ஹல்லிஹன் தாடையின் இரு பக்கத்திலும் ஆப்பு வடிவத்தில் எலும்பை அறுத்தெடுத்தார். பிறகு முன்பற்களின் வேருக்குக் கீழே படுக்கைவசமாக ரம்பத்தை ஓட்டினார். முன்பற்களைத் தாங்கிய துண்டு தனியாக நகர்ந்தது. அதைப் பின்னால் தள்ளி, உரிய இடத்தில் உட்கார வைத்தார். லிஸ்டரின் கிருமிநாசினி முறை வருவதற்கு 18 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

இதில் என்னை மிகவும் கவர்வது அறுத்த விதமல்ல, அறுத்தபின் அவர் செய்த காரியம். நகர்த்திய துண்டை எதை வைத்து அசையாமல் நிறுத்துவது? மென்மையாக்கிய மெழுகைப் பற்களின்மேல் அழுத்தி அச்சு எடுத்தார். அந்த அச்சிலிருந்து மாதிரி வார்த்து, அதன்மேல் வெள்ளித் தகட்டைத் தட்டிப் படிய வைத்து, பற்களுக்கும் ஈறுக்கும் கச்சிதமாகப் பொருந்தும்படி மாட்டினார். எலும்பு கூடும்வரை அந்தத் தகடு பிடித்துக்கொண்டது. பொய்ப்பல் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கைவேலை அது. பல்லைப் பிடியாக வைத்துத்தான் எலும்பை நிறுத்த முடியும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. பின்னர் கழுத்துத் தழும்பை விடுவித்து, உதட்டையும் சரிசெய்தார். மொத்தம் மூன்று அறுவைசிகிச்சைகள். அதே ஆண்டு பல் மருத்துவ இதழ் ஒன்றில் அதைப் பதிவும் செய்தார். தாடையின் அமைப்பைத் திருத்துவதற்காக எலும்பை அறுத்ததற்குக் கிடைக்கும் முதல் எழுத்துப் பதிவு அதுதான்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த வழியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

செயின்ட் லூயிஸில் ஒரு சந்திப்பு

1890-களில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான செயின்ட் லூயிஸில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எட்வர்டு ஆங்கிள். கிளிப் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு பிள்ளையும் இன்றுவரை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. வரிசை தப்பிய பற்களைச் சீர்செய்வதைத் தனி மருத்துவத் துறையாக்கியவர் அவர். 1899-இல் அவர் வகுத்த மூன்று வகைப் பிரிவை இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலில் சொல்லித் தருகிறார்கள். கீழ்த்தாடை முன்னே நிற்பது அதில் மூன்றாம் வகை. மற்றவர் வில்ரே பிளேர், 26 வயது அறுவை மருத்துவர்.

1897 டிசம்பரில், கீழ்த்தாடை மிக நீண்ட ஓர் இளைஞருக்கு பிளேர் அறுவைசிகிச்சை செய்தார். தாடையின் இரு பக்கத்திலும் ஒரு துண்டு எலும்பை எடுத்துவிட்டு, முன்பகுதியைப் பின்னால் தள்ளினார். அடுத்த ஆண்டு ஆங்கிள் அதைப் பற்றி எழுதினார். 'செயின்ட் லூயிஸ் அறுவை' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. தாடையின் முழுத் தடிமனையும் அறுத்து நீளத்தைக் குறைத்த முதல் சிகிச்சை அது.

பிளேர் இதிலிருந்து ஒரு பாடம் படித்தார். 1907-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அதைத் தெளிவாகச் சொன்னார்: தாடைக் கோணலைத் திருத்துவது அறுவை மருத்துவரின் வேலைதான். ஆனால் பல் சீரமைப்பில் தேர்ந்த, இணக்கமாக வேலை செய்யக்கூடிய ஒருவர் எவ்வளவு சீக்கிரம் கூட வருகிறாரோ அவ்வளவுக்கு நல்லது. மருத்துவருக்கும் நல்லது, முடிவுக்கும் நல்லது. இணக்கமாக வேலை செய்பவர் என்று அவர் கேட்டதில் நிறைய அனுபவம் தெரிகிறது.

அந்த அறிவுரையை அடுத்த ஐம்பது வருடம் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆங்கிளின் வழிவந்தவர்களுக்குக் கம்பியிலும் ரப்பர் வளையத்திலும் அபார நம்பிக்கை. பல்லைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் எலும்பு தானாக வளர்ந்து அதற்கு இடம் கொடுக்கும் என்று நம்பினார்கள். தாடையையே கம்பியால் இழுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். 1931-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிராட்பென்டும் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஹோஃப்ராத்தும், தலையை ஒரே நிலையில் அசையாமல் பிடித்து எக்ஸ்ரே எடுக்கும் கருவியைத் தனித்தனியே உருவாக்கினார்கள். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க அப்போதுதான் வழி பிறந்தது. பார்த்தபோது, ரப்பர் வளையம் நகர்த்தியது பெரும்பாலும் பல்லைத்தான், தாடையை அல்ல என்பது மெல்லத் தெரியவந்தது. அந்த எக்ஸ்ரே படத்தை இன்றும் ஒவ்வொரு தாடை நோயாளிக்கும் எடுக்கிறார்கள்.

மறுபக்கம், அறுவை மருத்துவர்களுக்குப் பல் வரிசை என்பது கண்ணில் படாத விஷயம். தாடையை வெளியிலிருந்து அறுத்தார்கள். கன்னத்தில் தழும்பு விழுந்தது. 1930-களில் பிராகாவின் கொஸ்டெச்கா பரப்பிய ஒரு முறை மிகவும் பிரபலமாக இருந்தது. காதுக்குக் கீழே சிறு துளை போட்டு, வளைந்த ஊசியில் கம்பி ரம்பத்தைக் கோத்து, தாடைக்குப் பின்னால் ஓட்டி, கண்ணால் பார்க்காமலே எலும்பைப் படுக்கைவசமாக அறுத்துவிடுவது. சில நிமிட வேலை. முகநரம்பும் ரத்தக்குழாயும் உமிழ்நீர்ச் சுரப்பியும் அந்த ரம்பத்தின் பாதையில்தான் இருந்தன. அதில் தப்பியவர்களுக்கும் வேறொரு தொல்லை காத்திருந்தது. அறுபட்ட மேல்துண்டைக் கடிக்கும் தசை மேலே இழுத்துக்கொள்ளும். எலும்போடு எலும்பு தொடும் இடம் விரல் அகலம்கூட இருக்காது. எலும்பு கூடாமல் போகும். கூடினாலும் முன்பற்கள் திறந்தே நிற்கும்.

நெடுக்கில் பிளந்தவர்

கில்லீஸின் கதையை ஏன் சென்ற வாரம் அவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது. அவரிடம் பயில ஐரோப்பாவெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் ஹோஹெனெம்ஸில் 1920-இல் பிறந்த ஹியூகோ ஓப்வேகேசர். கிராட்ஸ் நகரில் ரிச்சர்டு டிரவுனரிடம் வேலை கற்றவர். இரண்டாம் போருக்குப் பிறகு கில்லீஸ் நடத்திவந்த பேஸிங்ஸ்டோக் மருத்துவமனையிலும் சில காலம் இருந்தார். 1950-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சுக்குப் போய்ச் சேர்ந்தார். மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் படித்தவர். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் முகத்தாடை மருத்துவர்கள் இப்படி இரண்டையும் படிப்பது வழக்கம். ஹல்லிஹனுக்கு வெள்ளித் தகடு தோன்றியதும் ஓப்வேகேசருக்குப் பின்வரும் யோசனை தோன்றியதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் கற்ற கை அது.

அவர் செய்த மாற்றம் கேட்பதற்கு எளிமையானது. காதுக்கு முன்னால் மேல்நோக்கி ஏறும் தாடையின் கிளையைக் குறுக்கே வெட்டாமல், மூங்கிலைப் பிளப்பதுபோல் நெடுக்கில் பிளப்பது. உள்பக்கத்தில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு வெட்டு. வெளிப்பக்கத்தில் அதற்குக் கீழே இன்னொரு வெட்டு. இரண்டையும் முன்விளிம்பு வழியாக இணைத்துவிட்டு, உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் தாடை இரண்டு பலகையாகப் பிரியும். வெளிப்பலகை மூட்டோடு நிற்கும். உள்பலகை பற்களோடும் நரம்போடும் முன்னாலோ பின்னாலோ சறுக்கும். எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டு பலகைகளும் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மஜ்ஜையும் மஜ்ஜையும் தொட்டுக்கொண்டிருப்பதால் எலும்பு சீக்கிரம் கூடும். பின்னால் தள்ளவும் அதே வெட்டு, முன்னால் இழுக்கவும் அதே வெட்டு. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நடுவில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாமே வாய்க்குள். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. 1953-இல் இதைச் செய்தார். அதற்குச் சற்று முன்வரை வாய்க்குள்ளிருந்து தாடை எலும்பைத் திறப்பது பயங்கரமான துணிச்சலாகக் கருதப்பட்டிருக்கும். எச்சில் பட்டால் எலும்பு சீழ் பிடிக்கும் என்ற அச்சம். பென்சிலின் வந்து அந்த அச்சத்தைக் குறைத்தது. இன்னொன்றும் வேண்டியிருந்தது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயில் குழாய் இருந்தால் எப்படிப் பார்ப்பது? மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் முறையை வளர்த்தவர்கள் சிட்கப்பில் கில்லீஸின் நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்த ஐவன் மகிலும் ரௌபாதமும். போர்க்காயங்களுக்காகக் கண்டுபிடித்தது போர் பார்க்காதவர்களுக்கும் உதவியது.

டிரவுனரும் ஓப்வேகேசரும் 1957-இல் ஆங்கில இதழ் ஒன்றில் இதை விளக்கி எழுதினார்கள். சில ஆண்டுகளில் இத்தாலியரான டால் போன்ட் வெளி வெட்டை முன்னால் கடைவாய்ப்பல் பக்கம் கொண்டுவந்து, பலகைகள் படியும் பரப்பை இன்னும் அகலமாக்கினார். அதற்குப் பின் வேறு சிலரும் திருத்தினார்கள். ஆனாலும் இன்று உலகில் எந்த ஊரில் கீழ்த்தாடையை நகர்த்தினாலும் அடிப்படையில் 1953-இன் அந்தப் பிளவுதான்.

மேல்தாடை நீண்ட நாள் யாருக்கும் வசப்படவில்லை. 1901-இல் பிரான்ஸின் லில் நகரத்து ரெனே லெ ஃபோர் 35 பிணங்களின் தலைகளில் மழுங்கிய பொருள்களால் அடி கொடுத்து, முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று பதிவு செய்தார். மூன்று கோடுகள். மூக்குக்கு அடியில், பல்வேர்களுக்கு மேலே படுக்கைவசமாக ஓடுவது முதல் கோடு. எலும்பு தானாக உடையும் அந்தக் கோட்டிலேயே வேண்டுமென்று அறுத்தால் மேல்தாடை கையில் வருமல்லவா? 1927-இல் ஜெர்மனியின் வாஸ்மண்ட் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் பின்பக்கத்து எலும்பிலிருந்து அதை முழுக்கப் பிரிக்க அவர் துணியவில்லை. ரத்த ஓட்டம் அறுந்து மேல்தாடை மொத்தமும் செத்துப்போகும் என்ற பயம். அரைகுறையாக அறுத்துவிட்டு ரப்பரால் இழுத்தார். ஷுக்கார்ட் 1942-இல் பின்பக்கத்தையும் பிரித்தார். 1960-களின் நடுவில் ஓப்வேகேசர் மேல்தாடையை முழுவதுமாக விடுவித்து, எந்த இழுவையும் இல்லாமல் புதிய இடத்தில் வைக்க முடிய வேண்டும் என்றார். இழுத்துப் பிடித்து வைத்த எலும்பு பழைய இடத்துக்கே திரும்பும் என்பது அவர் வாதம். 1969-இல் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஒரே அமர்வில் நகர்த்திக் காட்டினார்.

ரத்த ஓட்டக் கேள்விக்கு விடை டெக்ஸாஸிலிருந்து வந்தது. வில்லியம் பெல் ரீசஸ் குரங்குகளில் மேல்தாடையை அறுத்து, சிறு ரத்தக்குழாய்களையும் படத்தில் காட்டும் முறையால் 1969 தொடங்கிச் சில ஆண்டுகள் ஆராய்ந்தார். அண்ணத்தின் சதையும் ஈறும் ஒட்டியிருந்தால் போதும், மேல்தாடை உயிரோடு இருக்கும், எலும்பும் கூடும் என்று காட்டினார். 1975-க்குப் பின் மேல்தாடை அறுவை உலகெங்கும் பரவியதற்கு அந்த ஆராய்ச்சியே காரணம். குரங்குகளுக்கு நாம் பட்ட கடன் அது.

பல் மறைக்கும் கோணல்

1966-இல் ஓப்வேகேசர் வாஷிங்டனுக்குப் போய் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் அமெரிக்க மருத்துவர்களுக்குத் தன் முறைகளை விளக்கினார். அமெரிக்காவில் இந்த அறுவை வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் வேகம் பிடித்தபோதுதான் பழைய குறையும் முழுசாக வெளியே தெரிந்தது. எலும்பை இப்போது எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். எங்கே நிறுத்துவது?

தாடை கோணலாக வளரும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. கீழ்த்தாடை முன்னே போகப் போக, கீழ் முன்பற்கள் உதட்டின் அழுத்தத்தில் உள்நோக்கிச் சாயும். மேல் முன்பற்கள் நாக்கின் அழுத்தத்தில் வெளிநோக்கிச் சாயும். இரண்டும் எட்டிப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். உடம்பு தன்னால் முடிந்த சமாதானத்தைச் செய்துகொள்கிறது. அதனால் பல்லைப் பார்த்தால் கோணல் சிறியதாகத் தெரியும். எலும்பில் அது பெரியது. ஒரு கணக்குச் சொல்கிறேன். எலும்பு அளவில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பற்கள் அதில் 8 மில்லிமீட்டரை மறைத்துவிட்டால், வாயில் தெரிவது 4 மட்டும். அறுவை மருத்துவர் கீழ்த்தாடையை 4 மில்லிமீட்டர் பின்னே தள்ளியதும் பல்லும் பல்லும் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் தள்ள இடமில்லை. இத்தனை வலியும் பட்டு, முகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் திருந்தும். அதோடு, சாய்ந்த பற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடும். மெல்லும்போது தாடை வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு நகரும்.

ஆகவே முதலில் கம்பி. சாய்ந்த பற்களை நிமிர்த்தி, ஒவ்வொரு வரிசையையும் அதனதன் எலும்பின்மேல் நேராக நிற்கவைக்க வேண்டும். இந்தக் கட்டம் நோயாளிக்குக் கொடுமையானது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிளிப் போட்டிருப்பார். நாளாக ஆக முகம் திருந்துவதற்குப் பதில் கோணல் கூடிக்கொண்டே போகும். மறைந்திருந்த 8 மில்லிமீட்டரும் வெளியே வந்துவிடும். முன்னாவது இரண்டு பல் தொட்டது, இப்போது அதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள், "என்ன டாக்டரிடம் போகிறாய், இன்னும் மோசமாகத்தானே ஆகிறது?" என்று கேட்பார்கள். இதை முன்கூட்டியே உட்கார வைத்து விளக்காத மருத்துவரிடமிருந்து நோயாளி பாதியில் ஓடிவிடுவதில் ஆச்சரியமில்லை.

பிறகு மேஜை வேலை. 1970-களில் இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வித்தைகளும் உண்மையில் சேர்ந்த இடம் ஆபரேஷன் தியேட்டர் அல்ல, இந்த மேஜைதான். நோயாளியின் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுக்கும் அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்ப்பார்கள். தாடை மூட்டைப்போல் அசையும் ஒரு கருவியில் அவற்றைப் பொருத்துவார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயைத் தெளிந்த தாளில் பென்சிலால் படியெடுத்து, தாடைப் பகுதியைக் கத்தரியால் வெட்டி, தாளின்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார்கள். உதடு எங்கே வரும், மூக்கின் நுனி எவ்வளவு தூக்கும் என்று கணக்கிடுவார்கள். அளவு முடிவானதும் பிளாஸ்டர் மாதிரியைச் சிறு ரம்பத்தால் அறுத்து, புதிய நிலையில் மெழுகால் ஒட்டுவார்கள். அந்த நிலையில் இரு வரிசைகளுக்கும் நடுவே அக்ரிலிக் பசையை வைத்து அழுத்தினால் பிஸ்கட் கனத்தில் ஒரு தகடு கிடைக்கும். மேல்பற்களின் குழியும் கீழ்ப்பற்களின் குழியும் அதில் பதிந்திருக்கும். ஆபரேஷன் நடுவில், அறுபட்ட தாடை தளர்ந்து கையில் ஆடும்போது, அந்தத் தகட்டைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கவைப்பார்கள். தாடை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தகடு சொல்லும். ஹல்லிஹன் 1849-இல் மெழுகு அச்சு எடுத்தபோது பிடித்த வழி அதுவே.

வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் வில்லியம் பிராஃபிட் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் இதற்கெல்லாம் ஒழுங்கு கொடுத்தார். பெல், ரேமண்ட் வைட் என்ற இரண்டு அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து 1980-இல் அவர் வெளியிட்ட நூல் ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம். கம்பியால் எதுவரை முடியும், வளரும் வயதில் தாடையை வழிநடத்தினால் எதுவரை முடியும், அறுவையால் எதுவரை முடியும் என்று மூன்று எல்லைகள் வரைந்து காட்டினார். எத்துப்பல்லாக நிற்கும் மேல் முன்பற்களைக் கம்பியால் மட்டும் பின்னிழுக்க அதிகபட்சம் 7 மில்லிமீட்டர். வளர்ச்சியும் துணைசெய்தால் 12. அறுவையும் சேர்ந்தால் 15. எந்த நகர்வு நிலைக்கும், எது பின்வாங்கும் என்பதையும் பல வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து வரிசைப்படுத்தினார்கள். மேல்தாடையை மேலே தூக்குவது நன்றாக நிலைக்கும். அகலப்படுத்துவது எளிதில் பின்வாங்கும். தன் சிகிச்சை ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று கூப்பிட்டுப் பார்க்கும் துணிவு எல்லா மருத்துவர்களுக்கும் வருவதில்லை. அதனாலேயே அந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நோயாளி பட்ட பாட்டையும் சொல்லாமல் விடக்கூடாது. அறுத்த எலும்பைக் கம்பியால் கட்டி, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துப் பூட்டி, ஆறு முதல் எட்டு வாரம் வாயைத் திறக்காமல் வைத்திருப்பார்கள். கஞ்சித் தண்ணீரும் பழச்சாறும் பல் சந்து வழியாகத்தான் உள்ளே போகும். வாந்தி வந்தால் மூச்சு முட்டும் என்பதால் கம்பி வெட்டும் குறடு எப்போதும் கட்டிலருகே இருக்கும். எடை கரைந்து போகும். 1970-களில் பாசலின் ஸ்பீஸ்ல் திருகாணி வைத்துப் பிளந்த தாடையை இறுக்கினார். ஸ்ட்ராஸ்பூர்கின் ஷாம்பி தாடைமுறிவுக்குச் சிறு உலோகத் தகடுகளைப் பயன்படுத்திக் காட்டினார். இந்த இரண்டும் பரவிய பிறகு வாய்ப்பூட்டு பெரும்பாலும் தேவைப்படாமல் போயிற்று. இன்று சில நாளிலேயே வாய் திறந்து கூழ் குடிக்கிறார்கள். தீராத குறை ஒன்று உண்டு. பிளவு நரம்பை ஒட்டியே போவதால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பலருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி மரத்தே இருந்துவிடும். கையெழுத்து வாங்குவதற்கு முன் இதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டு வேலையின் வரிசைமுறையே பிறகு கேள்விக்கு உள்ளானது. ஜப்பானின் செண்டாய் நகரத்தில் நாகசாகாவும் சுகவாராவும் சேர்ந்த குழு, முதலில் அறுவை, பிறகு கம்பி என்ற முறையை 2009-இல் வெளியிட்டது. ஒன்றரை வருடம் முகம் மோசமாகிக்கொண்டே போகும் கொடுமை இதில் இல்லை. அறுவைக்குப் பிறகு எலும்பில் நடக்கும் வேகமான மாற்றத்தால் பற்களும் விரைவாக நகர்கின்றன. ஆனால் சாய்ந்த பற்கள் பின்னால் எங்கே வந்து நிற்கும் என்பதை அறுப்பதற்கு முன்பே துல்லியமாகக் கணிக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. பிளாஸ்டரும் கத்தரியும் இருந்த மேஜையில் இன்று சி.டி. ஸ்கேனும் கணினியும் முப்பரிமாண அச்சுப்பொறியும் இருக்கின்றன. தகட்டைக் கணினியில் வரைந்து அச்சடித்து எடுக்கிறார்கள். உட்கார வேண்டியவர்கள் அதே இருவர்தான்.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் தாடை முன்னால் நீள்வதையோ உள்வாங்குவதையோ கண்டால் ஏழெட்டு வயதிலேயே காட்டுங்கள்; வளர்ச்சியை வழிநடத்தும் வயது திரும்பி வராது. வளர்ந்த பிறகு கிளிப் போட முடிவு செய்தால், போடுவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கோணல் பல்லிலா, எலும்பிலா? எலும்பில் என்றால், தாடை அறுவை செய்யும் மருத்துவரும் பிள்ளையைப் பார்த்துவிட்டாரா? அறுவை இல்லாமல் கோணலை மறைக்கப் பல்லை ஒரு திசையில் நகர்த்துவார்கள். அறுவைக்குத் தயார்செய்ய நேர் எதிர்த் திசையில் நகர்த்துவார்கள். தவறான திசையில் இரண்டு வருடம் போனால், அத்தனையும் திரும்பி வர வேண்டியிருக்கும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு துறைகளும் உண்டு. எங்கே போனாலும் இருவரும் சேர்ந்து பார்க்கட்டும் என்று கேளுங்கள்.

(தொடரும்)